கண் மூடினால் கால் எங்கே?

சங்க மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நம் செயலாளர் கேட்டபோது, அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நான் எழுத எடுத்துக்கொண்டதோ என் தந்தையாரின் கால்கள். செயலாளர் மன்னிப்பாராக.

என் தந்தையார் தையற்காரர். சிக்கந்தராபாத்தில் திருமலகிரியைத் தாண்டி அல்வால் போகும் வழியில் உள்ள லோத்குண்டாவில் எங்கள் வீடும் அதன் முன்னறையில் அவருடைய கடையும் இருக்கின்றன. குடியாத்தத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்தவர். அன்று வாங்கிய கால்மிதி இயந்திரத்தை இன்றும் விடவில்லை. அந்த மிதியை அவர் கண்ணால் பார்த்து நான் கண்டதில்லை. கண் துணியின் மேலும் ஊசியின் மேலும் இருக்கும். கால்கள் மேசைக்கு அடியில், யாரும் காணாத இடத்தில், தம் வேலையைத் தாமே செய்துகொண்டிருக்கும். சென்ற ஆண்டில் ஒரு மாலை, சக்கரம் திடீரெனப் பின்னோக்கிச் சுழன்று நூல் அறுந்தது. மீண்டும் நூல் கோத்து மிதித்தார், மீண்டும் அறுந்தது. பிறகு நான் அதுவரை கண்டிராத ஒன்றைச் செய்தார்: குனிந்து தம் கால்களைப் பார்த்தார். "கால் எங்கே இருக்குதுன்னே தெரியலைப்பா" என்றார்.

காலில் வலிமை குறையவில்லை. மாடிப்படி ஏறுவார், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவார். ஆனால் காலையில் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் உடல் தள்ளாடும், சுவரைப் பிடித்துக்கொள்வார். இரவில் விளக்கை அணைத்தால் கட்டிலுக்குப் போக முடியாது. "வயசாகுது" என்றனர் அண்டை வீட்டார். ஒருவர் வேறு காரணமும் சொன்னார். குடியை அறியாத மனிதருக்கு அது எவ்வளவு சுட்டிருக்கும் என்பதை நான் அறிவேன்.

என் தந்தையார் இழந்துகொண்டிருந்தது என்ன? நோயின் பெயரைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் உணர்வின் பெயரைச் சொல்லவேண்டும். அதில்தான் இடர்ப்பாடு: அதற்கு நம் பேச்சு வழக்கில் பெயரே இல்லை! மெய், வாய், மூக்கு, கண், செவி என்று ஐம்பொறிகளை எண்ணுகிறோம். தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தும்போதும் இவ்வைந்தோடு மனத்தைச் சேர்த்தார். கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் ஐந்தோடு நிறுத்திக்கொண்டார். கை கால்கள் எவ்வாறு மடங்கியுள்ளன, எத்திசையில் எவ்வளவு விரைவாக நகர்கின்றன என்பதைக் கண்ணின் துணையின்றி அறியும் உணர்வு இவ்வெண்ணிக்கையில் எங்கும் வரவில்லை. வராததற்குக் காரணமும் உண்டு. கண்ணை மூடினால் காட்சி மறைகிறது. காதைப் பொத்தினால் ஒலி மறைகிறது. இவ்வுணர்வையோ நாம் ஒரு நொடியும் மூடி வைக்க முடியாது. மூட முடியாத ஒன்றை எப்படிக் கவனிப்பது? 1906-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் சர் சார்லஸ் ஷெரிங்டன் இதற்கு ஒரு பெயர் தந்தார். நாம் இக்கட்டுரையில் அதனை நிலையுணர்வு என்று வழங்குவோம்.

தோழர்களே, இப்போது கண்ணை மூடி, வலக்கையை நீட்டி, சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டுவிட்டீர்களா? விடுதியில் மின்சாரம் போன இரவில் சாம்பார் சோறு நேரே வாய்க்குத்தானே போயிற்று? உங்கள் கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னது யார்?

சொன்னது தசை. தசை இழுப்பது மட்டுமன்று, தெரிவிக்கவும் செய்கிறது. தசைக்குச் செல்லும் நரம்பு, மூளையின் கட்டளையைக் கொண்டுசெல்லும் கம்பி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். 1894-இல் அதே ஷெரிங்டன், தசைநரம்பின் இழைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தசையிலிருந்து செய்தியை உள்ளே கொண்டுவருவன என்று காட்டினார். கட்டளையிடுவதற்கு எத்தனை கம்பிகளோ, கேட்டறிவதற்கும் ஏறக்குறைய அத்தனை கம்பிகளை இயற்கை ஒதுக்கியிருக்கிறது. நல்ல ஆட்சியாளருக்கு உரிய இலக்கணம் இது என்று நம் தமிழ்த்துறை நண்பர்கள் சொல்லக்கூடும்.

அச்செய்தி எங்கே தோன்றுகிறது? தசையின் உள்ளே, அதன் நார்களுக்கு இணையாக, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நுண்ணிய உறுப்புகள் பொதிந்துள்ளன. நடுவில் பருத்து இரு முனையிலும் கூம்பி, நூல் நூற்கும் கதிரைப் போன்று இருப்பதால் இதனைத் தசைக்கதிர் என்கிறோம். 1863-இல் ஜெர்மானியரான வில்லி கூனே இட்ட பெயரும் இப்பொருள் உடையதே. கதிரின் உறைக்குள் சில மெல்லிய தசைநார்கள் உள்ளன. அவற்றின் நடுப்பகுதியை நரம்பின் நுனி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். தசை நீளும்போது கதிரும் நீள்கிறது, சுருள் விரிகிறது, நரம்பில் துடிப்புகள் பெருகுகின்றன. தசை சுருங்கினால் துடிப்புகள் குறைகின்றன. எவ்வளவு நீண்டது என்பதோடு எவ்வளவு விரைவாக நீள்கிறது என்பதையும் இத்துடிப்புகள் தெரிவிக்கும். உடலின் நரம்பிழைகளில் மிகப் பருமனானவை இவற்றுக்கே வாய்த்தவை. நொடிக்கு 60 மீட்டர் அளவில் செய்தி ஓடுகிறது. சுடும் வலியையும் குளிரையும் கொண்டுசெல்லும் மெல்லிழைகளில் மிக மெலியவை நொடிக்கு ஒரு மீட்டர் அளவிலேயே ஊர்கின்றன. கல்லில் இடித்த கால்விரலை நாம் இழுத்துக்கொண்ட பின்னரே எரிச்சல் வந்து சேர்வது இதனால்தான். பருமனான இழை, மெல்லிய இழை என்னும் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

தசை எலும்போடு சேரும் நாணிலும் ஓர் உறுப்பு உண்டு. இத்தாலியரான கோல்ஜியின் பெயரால் வழங்கும் அது, தசை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதை அளக்கிறது. கதிர் நீளத்தை அளப்பது; நாணுறுப்பு இழுவிசையை அளப்பது. என் தந்தையார் துணியின் நீளத்தை நாடாவாலும் நூலின் இறுக்கத்தை விரலாலும் அளப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இவ்விரண்டும் மறப்பதில்லை.

நிற்க. தசைதான் நிலையைச் சொல்கிறது என்று மிக எளிதாக எழுதிவிட்டேன். அறிஞர் உலகம் அவ்வளவு எளிதில் இதனை ஒப்பவில்லை. 1950-களிலும் 1960-களிலும் பாடநூல்கள், மூட்டுகளில் உள்ள உணர்வுறுப்புகளே கையின் நிலையைச் சொல்வன என்றும், தசைக்கதிரின் செய்தி நம் நினைவுக்கு எட்டாமலே தண்டுவடத்திலும் சிறுமூளையிலும் செலவழிந்துவிடும் என்றும் கற்பித்தன. மடங்குவது மூட்டு, ஆகவே அறிவதும் மூட்டு. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது! இந்தக் கொள்கையைக் கவிழ்த்தது ஓர் அதிர்வுக் கருவி. 1972-இல் குட்வின், மக்ளோஸ்கி, மாத்யூஸ் என்னும் மூவர், கண்ணை மூடியிருப்பவரின் மேற்கைத் தசைநாணில் நொடிக்கு 100 முறை அளவில் அதிரும் கருவியை வைத்தனர். அதிர்வு தசைக்கதிர்களைக் கிளறுகிறது. கதிர்களோ, தசை நீள்கிறது என்று மூளைக்குப் பொய் சொல்கின்றன. அசையாத கையை, நீண்டுகொண்டிருப்பதாக அந்த மனிதர் உணர்கிறார். மூட்டின் கோணம் மாறவேயில்லை; மாறியது தசையின் செய்தி மட்டுமே.

இதனை நானே செய்து பார்த்தேன். இயற்பியல் துறையில் உள்ள நண்பர் ஒருவர் அதிர்வுக் கருவி ஒன்றைத் தேடித் தந்தார். என் முழங்கையை மேசையில் ஊன்றி, முன்கையை அசையாமல் கட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டேன். சில நொடிகளில் என் கை மெல்ல நீளத் தொடங்கிற்று. மேசையைத் துளைத்துக்கொண்டு போவது போலத் தோன்றியபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "எதுக்குடா சிரிக்கிறே? கை அப்படியேதான் இருக்கு" என்றார் நண்பர். கை அப்படியேதான் இருந்தது. நூலில் ஆயிரம் முறை படித்த ஒன்று, தன் கையிலேயே நிகழும்போது உண்டாகும் வியப்பு வேறு.

அடுத்த ஆண்டில் மற்றொரு சான்றும் கிடைத்தது. இடுப்பு மூட்டையும் அதைச் சூழ்ந்த உறையையும் அகற்றிச் செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்டவர்கள், தம் தொடை எவ்வாறு அசைகிறது என்பதைப் பெரிதும் சரியாகவே சொன்னார்கள். உலோகத்துக்கு ஏது உணர்வு? எனினும், மூட்டை முற்றிலும் தள்ளிவிடுவதும் பிழை. மூட்டு அதன் எல்லை வரை மடங்கும்போது அதன் உறுப்புகள் எச்சரிக்கின்றன. விரல்களில் தோலின் இழுபடலும் உதவுகிறது. ஆனால் முதல் சாட்சி தசையே.

இவ்வளவும் மேனாட்டு ஆய்வகங்களின் கதை. இதே பாடத்தைக் கற்பிக்கும் கைகள் நம் வேலூரில் இருந்தன. ஊருக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் காட்பாடியில்தான் வண்டியை விட்டு இறங்குவோம். அங்கிருந்து எட்டும் தொலைவில் நடந்த செய்தியை இவ்வளவு காலம் அறியாமல் இருந்தது எனக்கு நாணமாகவே இருக்கிறது.

பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலச் சமயத் தொண்டர். 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ராபர்ட் காக்ரேனைக் காணச் சென்றபோது, விரல்கள் நகம்போல் வளைந்து மடங்கிப்போன கைகளைக் கண்டார். அப்படிப்பட்ட கை ஒன்றில் தம் கையைக் கொடுத்து, அழுத்துமாறு சொன்னார். செத்த கை என்று எல்லோரும் எண்ணியிருந்த அந்தக் கை, அவர் வலியால் துடிக்கும் அளவுக்கு இறுகப் பற்றியது. தோலுக்கு உணர்ச்சி இல்லை. தசைக்கு வலிமை இருந்தது!

இதனை விளக்குவது உடற்கூறு. விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரலிலோ உள்ளங்கையிலோ இல்லை, முன்கையில் உள்ளன. நாண்கள் மட்டுமே கயிறுகளைப் போல மணிக்கட்டைக் கடந்து விரலுக்குச் செல்கின்றன. தொழுநோய்க் கிருமி குளிர்ந்த இடங்களையே விரும்புவது. ஆகவே தோலுக்கு அண்மையில் ஓடும் இடங்களில் நரம்பைத் தாக்குகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுளீர் என்கிறதே, அந்த நரம்பு முழங்கையருகில் கெடுகிறது. கையின் நடுவே செல்லும் நரம்பு மணிக்கட்டருகில் கெடுகிறது. உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழந்து விரல்கள் வளைகின்றன. விரலின் தோல் மரத்துப்போகிறது. முன்கைத் தசைகளுக்கான கிளைகளோ பெரும்பாலும் மேலேயே பிரிந்துவிடுவதால் தப்பிக்கின்றன. அத்தசைகளின் கதிர்களும் தப்பிக்கின்றன. ஆகவே நெருப்பையும் முள்ளையும் அறியாத விரல், தான் மடங்கியிருக்கிறதா நீண்டிருக்கிறதா என்பதை மட்டும் அறிகிறது. விரலின் நிலையை அறிவது விரல் அன்று, முன்கை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

இதன் கொடுமையான மறுபக்கத்தையும் பிராண்டு கண்டார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவரால் முடியவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் முன்வந்து, ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து குருதி ஒழுகிற்று, சாவி எலும்பு வரை வெட்டியிருந்தது, அவனோ அறியவில்லை. தசை தன் நீளத்தையும் விசையையும் தெரிவித்துக்கொண்டே இருந்தது. "போதும், நிறுத்து" என்று சொல்லவேண்டிய தோலின் குரல் மட்டும் எழவில்லை. தொழுநோயால் விரல்கள் அழுகி விழுகின்றன என்ற பழங்கதை இத்தகைய ஆராய்ச்சியால் தகர்ந்தது. விரல்களை அழித்தது அழுகலன்று, உணரப்படாத காயங்கள்.

வளைந்த விரல்களை நிமிர்த்தப் பிராண்டு, நலமாக உள்ள தசையின் நாணைத் திசைதிருப்பினார். எடுத்துக்காட்டாக, மோதிர விரலை மடக்கும் இரு நாண்களில் ஒன்றை எடுத்து, நான்காகப் பிளந்து, நான்கு விரல்களின் பின்புறத்தில் சேர்ப்பது ஒரு முறை. அறுவை முடிந்ததும் கை உடனே வேலை செய்துவிடுமா? செய்யாது. அந்தத் தசை சுருங்கினால் மோதிர விரல் மடங்கும் என்பதே மூளை பிறந்த நாள் முதல் கற்ற பாடம். இப்போது அதே தசை சுருங்கினால் நான்கு விரல்களும் நிமிர்கின்றன! நோயாளி "மோதிர விரலை மடக்குகிறேன்" என்று எண்ணி முயல்வார்; விரல்கள் நிமிர்வதைக் கண்ணால் பார்ப்பார்; மீண்டும் முயல்வார். கண்ணும் தசையும் சொல்வதை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வாரக்கணக்கில் பழகிய பின், பாராமலே அந்தக் கையால் உணவு உண்ண முடியும். பழைய தசையின் செய்திக்கு மூளை புதுப்பொருள் கண்டுகொள்கிறது. நம்மில் எத்தனை பேர் இவ்வளவு உழைத்து ஒரு பாடத்தைக் கற்றிருக்கிறோம்?

அந்த அறுவை மேசையருகே சக்கர நாற்காலியில் அமர்ந்து கைகளைச் செப்பனிட்டவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-இல் ஊர்தி விபத்தில் தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அவருடைய கால்தசைகளின் கதிர்கள் கெடவில்லை. ஆனால் அவற்றின் செய்தி மூளைக்கு ஏறும் வழி அறுந்துவிட்டது. உணர்வற்ற தோலும் உணர்வுள்ள தசையும் கொண்ட நோயாளியின் கை. உணர்வுள்ள கையும் உணர்வற்ற கால்களும் கொண்ட மருத்துவர். வேலூரில் இவர்கள் ஒரே மேசையில் சந்தித்தனர். பின்னாளில் அங்கே மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளம் இட்டவரும் அவரே. 1972-இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார்.

தொழுநோய்க் கைக்கு நேர் எதிரான உடலும் உலகில் ஒன்று உண்டு. 1971-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த அயன் வாட்டர்மன் என்னும் 19 வயது இளைஞர் காய்ச்சலுற்றார். காய்ச்சல் தணிந்தபோது கழுத்துக்குக் கீழே நிலையுணர்வும் தொடுவுணர்வும் போய்விட்டன. பருமனான இழைகள் மட்டுமே கெட்டன; மெல்லிழைகள் பிழைத்தன. ஆகவே சூடும் வலியும் தெரியும். தசையில் வலிமை உண்டு. ஆனால் கை எங்கே கால் எங்கே என்று தெரியாது. நிற்க முடியாமல் துவண்டு விழுந்தார். ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, மனத்தால் கணக்கிட்டு, மாதக்கணக்கில் முயன்று நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். இவ்வளவு உறுதியுடைய மனிதராலும் அந்த உணர்வைத் திரும்பப் பெற முடியவில்லை. அதற்கு மாற்றாகக் கண்ணை வேலை வாங்கினார், அவ்வளவே.

கதிர் நீளும்போது அதனை மின்துடிப்பாக மாற்றும் மூலக்கூறும் இன்று தெரிந்துவிட்டது. ஆர்டெம் படபூட்டியனின் குழுவினர் 2010-இல் கண்டறிந்த பியெசோ2 என்னும் புரதம் அது. நரம்பின் உறை இழுபடும்போது திறக்கும் வாயில் என்று கொள்ளலாம். இப்புரதம் பிறவியிலேயே செயற்படாத இருவரை 2016-இல் அமெரிக்க ஆய்வாளர் விவரித்தனர். கண்ணைக் கட்டினால் அவர்களால் நடப்பது அரிதாயிற்று. படபூட்டியன் 2021-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

இனி லோத்குண்டாவுக்குத் திரும்புவோம். முதலில் பார்த்த மருத்துவர், சர்க்கரை நோயின் விளைவு என்றார். தந்தையாருக்குப் பத்தாண்டாகச் சர்க்கரை நோய் உண்டு. ஆகவே அது பொய்யன்று. முழு உண்மையும் அன்று. இரண்டாவது மருத்துவர் அவரைக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். தள்ளாடினார். பிறகு, நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்தார். "அதிருதா?" "இல்லீங்க." பிறகு மருத்துவர் கேட்டது என் தந்தையாருக்கு வேடிக்கையாக இருந்தது: "நீங்க சைவமா?"

வேடிக்கையன்று, தோழர்களே. நிலையுணர்வையும் அதிர்வுணர்வையும் ஏந்திய பருமனான இழைகள் தண்டுவடத்தின் பின்புறமாக மூளைக்கு ஏறுகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள கொழுப்புறை சிதையாமல் இருக்கப் பி12 வைட்டமின் தேவை. தாவர உணவில் அது இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் உண்டு. என் தந்தையார் இளமையிலேயே புலால் துறந்தவர். பாலும் தேநீரில் கலக்கும் அளவே. போதாததற்கு, சர்க்கரை நோய்க்கு நெடுங்காலம் உண்ட மெட்ஃபார்மின் என்னும் மருந்து, உள்ள சிறிதளவு பி12-ஐயும் குடல் ஏற்பதைக் குறைக்கும். குருதிச் சோதனையில் அது மிகக் குறைந்திருந்தது. மற்றொன்றையும் மருத்துவர் எச்சரித்தார்: ஃபோலிக் அமிலம் மட்டும் உண்டால் சோகை நீங்கி நலம்போலத் தோன்றும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். விடுதியில் சோறும் ரசமும் மட்டுமே உண்டு, தயிரையும் ஒதுக்கும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஊரில் சர்க்கரை மாத்திரை உண்ணும் சைவப் பெற்றோர் பலருக்கும் இருக்கிறார்கள். பாதம் மரத்தல், இருட்டில் தடுமாறல், முகம் கழுவும்போது தள்ளாடல் என்று அவர்கள் சொன்னால், வயது என்று விட்டுவிடாதீர்கள்; குருதியில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். காலந்தாழ்ந்தால் கெட்டது முழுதும் மீளாது.

எங்களுக்குச் சற்றே காலந்தாழ்ந்துவிட்டது. ஊசிகள் போட்டு ஏழு மாதங்கள் ஆயின. முகம் கழுவும்போது சுவரைப் பிடிப்பதில்லை. இரவில் மட்டும் நடையில் ஒரு சிறுவிளக்கு எரிகிறது. இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். முதல் மிதிக்கு மட்டும் குனிந்து காலைப் பார்க்கிறார். சக்கரம் சுழலத் தொடங்கியதும் கண் துணிக்குப் போய்விடுகிறது.